முதல் பட்டதாரியின் மூன்று ஆண்டுகள்

தமிழ்நாட்டு அரசு தரும் சான்றிதழ்களில் விநோதமானது முதல் பட்டதாரிச் சான்றிதழ். சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் ஒருவர் யார், எங்கே இருக்கிறார் என்று சொல்பவை. இதுவோ ஒரு குடும்பத்தில் என்ன இல்லை என்பதை அரசு முத்திரையோடு சொல்கிறது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் என்று வரிசையாகப் பெயர் எழுதி, ஒவ்வொருவர் எதிரிலும் படிப்பைக் குறித்து, யாரும் பட்டம் பெறவில்லை என்று உறுதிமொழி கொடுத்து, இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். வருவாய்த் துறையின் மேசைகளில் ஏறி இறங்கி அது கைக்கு வந்தால், கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2010-இல் தொடங்கிய திட்டம் இது. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் சலுகை. அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்குக் கிடையாது.

ஒரு வீட்டின் மூன்று தலைமுறை வரலாற்றை ஒரே தாளில் அடக்கும் இந்த ஆவணம், பிள்ளை கல்லூரிக்குள் நுழைந்த அன்றே கோப்புக்குள் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கல்லூரியில் யாருக்கும் அவர் முதல் தலைமுறை மாணவர் என்பது நினைவில் இருப்பதில்லை. பாடத்திட்டம், வருகைப்பதிவு, தேர்வு, வளாக நேர்காணல் எதிலும் அந்தத் தாளுக்கு வேலை இல்லை. தமிழ்நாட்டு உயர்கல்வியின் பெருமையும் குறையும் இந்த இடத்தில் சேர்ந்தே இருக்கின்றன. யாரைச் சேர்ப்பது என்பதற்காக நூறு ஆண்டுகள் சண்டை போட்டு வென்ற சமூகம் இது. சேர்ந்தவர்கள் உள்ளே எப்படிப் படிக்கிறார்கள், எதற்காகப் படிக்கிறார்கள் என்ற கேள்விக்கு அந்த அக்கறையில் கால்வாசியைக்கூடச் செலவிடவில்லை என்பது என் எண்ணம்.

சண்டையின் கதை சுருக்கமாக. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் பிறந்தது. அதன் முதல் அரை நூற்றாண்டில் பட்டம் என்பது சில சாதிகளின், அதிலும் ஆண்களின், சொத்தாக இருந்தது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி சேர முயன்றபோது, ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னரின் தனி அனுமதி தேவைப்பட்டது. 1912-இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து மருத்துவராக வெளியே வந்தார். நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் முதல் வகுப்புவாரி அரசாணை வந்தது. பல ஆண்டுகள் தாளிலேயே கிடந்த அந்தக் கொள்கை 1928-இல்தான் செயலுக்கு வந்தது.

சுதந்திரத்துக்குப் பின் அதே ஆணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடர்ந்தார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது இந்த வழக்கின் சுவையான துணைச்செய்தி. 1951-இல் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாதாக்கியது. தமிழ்நாட்டில் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டம் முதல்முறையாகத் திருத்தப்பட்டு, 15(4) பிரிவு சேர்ந்தது. 1979-இல் எம்.ஜி.ஆர். பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்துப் பார்த்தார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் அடி விழுந்தது. வரம்பு போயிற்று, 31 விழுக்காடு 50 ஆயிற்று. இப்போதுள்ள 69 விழுக்காட்டுச் சட்டம் 1994-இல் ஒன்பதாவது அட்டவணைக்குள் போய்ப் பாதுகாப்புத் தேடிக்கொண்டது. அதற்குள்ளேயே இஸ்லாமியருக்கு 3.5, அருந்ததியருக்கு 3 என்று உள்ஒதுக்கீடுகள் பின்னர் வந்தன. 1984-இல் தொடங்கிய தொழிற்படிப்பு நுழைவுத்தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 1997-இல் வந்ததால், பொறியியல் இடத்துக்காகக் கல்லூரி கல்லூரியாக அலையும் வேலை குறைந்தது.

சட்டத்தைப் போலவே முக்கியமானது தூரம் குறைந்தது. சென்னை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை என்று சில ஊர்களில் குவிந்திருந்த கல்லூரிகள், அரசு கலைக் கல்லூரிகளாக மாவட்டத் தலைநகரங்களுக்கும் பிறகு வட்டத் தலைநகரங்களுக்கும் போயின. 1966-இல் மதுரை, 1982-இல் பாரதியார், பாரதிதாசன், 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார், 1997-இல் பெரியார், 2002-இல் திருவள்ளுவர் என்று பல்கலைக்கழகங்கள் பிரிந்து பெருகின. எண்பதுகளின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறக்க, அவற்றின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 500-ஐத் தாண்டிப் பிறகு சரிந்தது. தேசிய நெடுஞ்சாலையில் போகும் எவரும் அந்தச் சரிவைப் பார்க்கலாம். முகப்பு வளைவு இருக்கும். உள்ளே புல் முளைத்திருக்கும்.

இவ்வளவின் பலன் ஒன்றிய அரசின் 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தெரிகிறது. ஒட்டுமொத்த சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4; தமிழ்நாட்டுக்கு 47. தேசியக் கல்விக் கொள்கை 2035-இல் எட்ட விரும்பும் 50 விழுக்காட்டை இந்த மாநிலம் இப்போதே தொட்டுவிடும் தொலைவில் நிற்கிறது. மேடைகளில் இந்த எண் அடிக்கடி ஒலிக்கிறது. ஒலிக்கட்டும், தகுதியான பெருமைதான். ஆனால் அது எதைச் சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எந்த வயதினராயினும் சேர்ந்திருப்போரின் மொத்தத்தை 18 முதல் 23 வயது வரையுள்ளோரின் தொகையால் வகுத்த எண் அது. பெயர் பதிந்தவர்களின் கணக்கு. பதிந்தவர் வகுப்புக்கு வந்தாரா, இரண்டாம் ஆண்டில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாரா, பதினொரு அரியரோடு வெளியேறினாரா என்பதெல்லாம் அதில் இல்லை.

இனி உள்ளே போவோம். முதல் தலைமுறை மாணவரின் சிக்கல் கல்லூரியில் தொடங்குவதில்லை. பதினோராம் வகுப்பில் எந்த குரூப் எடுப்பது என்பதில் தொடங்குகிறது. பதினைந்து வயதில் செய்யும் அந்தத் தேர்வு பின்னால் வரும் பத்துக் கதவுகளில் ஆறேழைச் சாத்திவிடுகிறது என்பதை வீட்டில் சொல்ல ஆள் இருப்பதில்லை. படித்த குடும்பத்தில் சாப்பாட்டு வேளையில் காதில் விழும் தகவல் இங்கே காசு கொடுத்தாலும் கிடைக்காது. அதனால் ஆலோசகர் பொறுப்பைப் பக்கத்துத் தெரு அண்ணன், கணினி மையக்காரர், தனியார் கல்லூரியின் கமிஷன் ஏஜென்ட் ஆகியோர் எடுத்துக்கொள்கிறார்கள். மே மாதம் முழுக்க ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு’ என்று ஒரே குரல். 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் அதன் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும் இந்த வெற்றிடத்தை நிரப்பப் பார்க்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடிப்பிடிக்கும் ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள் அதைவிடப் பயனுள்ளவை என்று நினைக்கிறேன். தவறவிட்டவரைத் தேடிப் போவது அரசு இயந்திரத்தின் பழக்கமே அல்ல.

மருத்துவப் படிப்பில் கதை திசைமாறியது. 2017-இல் நீட் கட்டாயமானதும், பள்ளி மதிப்பெண்ணை நம்பியிருந்த தமிழ்வழி அரசுப்பள்ளி மாணவர்கள் ஏறக்குறையக் காணாமல் போனார்கள். நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கை இன்னொன்றையும் காட்டியது: மருத்துவ இடம் பெற்றவர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முயன்றவர்களின் பங்கு நீட்டுக்கு முன் எட்டில் ஒன்று, 2020-21-இல் 70 விழுக்காட்டைத் தாண்டியது. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து கோச்சிங் போகும் வசதி இப்போது மறைமுகத் தகுதியாகிவிட்டது. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு அந்த ஓராண்டைத் தரும் சக்தி குடும்பத்துக்கு இல்லை. 2020-இல் அரசுப்பள்ளி மாணவர்களுக்குக் கொண்டுவந்த 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு, விரல்விட்டு எண்ணும்படி இருந்தவர்களின் தொகையை ஒரே ஆண்டில் சில நூறாக்கியது. மறு ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் விரிந்தது. கட்டணத்தையும் அரசே ஏற்றது. சமீபகாலத் திட்டங்களில் சொன்ன வேலையைச் செய்தது எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

சுற்றுவழியில் வருகிறவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக், அதன்பின் நேரடி இரண்டாம் ஆண்டுப் பொறியியல் என்பது கீழ்நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழகிய பாதை. பதினெட்டு வயதில் டிப்ளமோவோடு வேலைக்குப் போகலாம் என்ற உத்தரவாதம் அதில் உண்டு. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் ரயில்வே ஊழியரின் மகன். டிப்ளமோவில் தொடங்கித்தான் பொறியியலுக்கும் மேற்படிப்புக்கும் போனார். இஸ்ரோவின் தலைவராக இருந்த சிவன், குமரி மாவட்டச் சரக்கல்விளையில் தமிழ்வழி அரசுப்பள்ளியில் படித்தவர், குடும்பத்தின் முதல் பட்டதாரி; நாகர்கோவிலில் கணிதப் பட்டம் முடித்த பிறகே குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனார். அதே எம்.ஐ.டி.யில் சேர அப்துல் கலாமுக்குப் பணம் இல்லாதபோது அவருடைய அக்கா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்ததை அவரே எழுதியிருக்கிறார். நம் மேடைகள் இந்தக் கதைகளைத் தனிமனிதரின் விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்கின்றன. நான் அவற்றில் அடகுக்கடையையும் அக்காவையும் பார்க்கிறேன். முதல் பட்டதாரியின் பட்டம் ஒருவர் வாங்குவது கிடையாது. அதற்காகப் படிப்பை நிறுத்திய அண்ணனோ கல்யாணம் தள்ளிப்போன அக்காவோ பின்னால் இருப்பார்கள். பிள்ளையின் ‘சொந்த லட்சியம்’ என்று நாம் சொல்வதில் எவ்வளவு சொந்தம், எவ்வளவு கடன் என்று பிரிப்பது கடினம்.

மொழிக்கு வருவோம். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2018-இல் வந்தபோது, சட்டக் கல்லூரி வகுப்பில் ஆங்கிலம் புரியாமல் உட்கார்ந்திருக்கும் பரியனைப் பார்த்து அரங்குகளில் பலருக்குத் தொண்டை அடைத்தது. தங்களுடைய முதல் பருவம் அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வருடம் இயற்பியலையும் கணக்கையும் தமிழில் கற்று, கேள்வி கேட்டு, மாவட்ட அளவில் மதிப்பெண்ணும் வாங்கிய பிள்ளை, பதினெட்டு வயதில் ஒரே மாதத்தில் ‘மக்கு’ ஆகிறது. பாடம் தெரியாமல் ஆனதல்ல; பாடத்துக்குப் போகும் வழி அடைபட்டதால் ஆனது. இதற்கு விடையாக அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியல், இயந்திரவியல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது. அதே ஆண்டில் தமிழ்வழியில் படித்தோருக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. எனினும் அந்த இருக்கைகள் நிறைந்து வழிந்ததில்லை. 2023-இல் சில உறுப்புக் கல்லூரிகளில் இந்தப் பிரிவுகளை நிறுத்துவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றார்கள்.

ஏன் நிறையவில்லை? தமிழ்வழி மாணவர்களே தமிழ்வழிப் பொறியியலை வேண்டாம் என்பதற்குக் காரணம் தெளிவு. ஐ.டி. நிறுவனத்தின் நேர்காணலில் மனிதவள அதிகாரி கேட்பது இயந்திரவியல் அல்ல, ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதை ஆங்கிலத்தில். தமிழில் நன்றாகக் கற்றுக்கொண்டு அந்த ஒரு அறையில் தோற்பதைவிட, ஆங்கிலத்தில் அரைகுறையாகக் கற்றுக்கொண்டு அந்த அறையில் சமாளிப்பது மேல் என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு தவறு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வேலைச்சந்தை அப்படி இருக்கிறது. நமக்கு இருக்கும் வழி, தமிழா ஆங்கிலமா என்ற பட்டிமன்றத்தை விட்டுவிட்டு, முதல் பருவத்தில் பாடத்தைத் தமிழில் நடத்தி, இரண்டாம் பருவத்தில் கலந்து, பிறகு ஆங்கிலத்துக்கு நகர்வதுதான். அரசு கலைக் கல்லூரிகளில் நல்ல ஆசிரியர்கள் பலர் இதை எந்த அரசாணையும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மொழியைவிடக் குறைவாகப் பேசப்படுவது நேரம். அரசு கலைக் கல்லூரிகளில் இடப்பற்றாக்குறைக்காக வந்த ஷிஃப்ட் முறை, மாணவர்களுக்கு வேறொரு வாழ்க்கையை அமைத்துக் கொடுத்தது. காலை ஷிஃப்ட் மதியத்தோடு முடிகிறது. பிறகு துணிக்கடை, மொபைல் கடை, மெடிக்கல், உணவு டெலிவரி. முகூர்த்த நாட்களில் ‘கேட்டரிங்’குக்குப் போவது சென்னைக் கல்லூரிகளில் ஒரு துணைத்தொழில். ராத்திரி கல்யாண மண்டபத்தில் வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேன்ட்டுமாகப் பரிமாறி, பின்னிரவில் கூலியும் மிச்சச் சாப்பாடும் வாங்கிக்கொண்டு, காலை எட்டரைக்குப் பொருளியல் வகுப்பில் கண் சொருகும் பையனைச் சோம்பேறி என்று எழுதுகிற பேராசிரியருக்கு அந்த மண்டபம் தெரியாது.

அங்கேதான் வருகைப்பதிவு விதி அவனைப் பிடிக்கிறது. தேர்வு எழுத 75 விழுக்காடு வேண்டும். 65-க்கு மேல், 75-க்குக் கீழ் என்றால் அபராதக் கட்டணம் கட்டி மன்னிப்புப் பெறலாம். மாணவர் பேச்சில் அது ‘கண்டனேஷன்’. இன்னும் கீழே போனால் அந்தப் பருவமே தள்ளிப்போகும். கட்டணம் கட்டுவதற்காக வேலைக்குப் போனவன், வேலைக்குப் போனதற்காகக் கட்டணம் கட்டுகிறான். பணியாற்றிக்கொண்டே படிப்பது உலகின் பல நாடுகளில் சாதாரணம். அங்கே அதற்கென்று பகுதிநேரப் பட்டம் இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்கள், முழுநாளும் வளாகத்தில் இருக்கக்கூடிய, வீட்டிலிருந்து பணம் வரும் ஒரு மாணவரை மனத்தில் வைத்து விதி எழுதியிருக்கின்றன. அப்படிப்பட்டவர்கள் அரசு கலைக் கல்லூரிகளில் சிறுபான்மை.

பெண்களின் நேரக் கணக்கு வேறு. மாலை நான்கு மணி பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது ஆறரைக்கு என்றால், நூலகமும் என்.எஸ்.எஸ்.ஸும் விளையாட்டும் அந்தப் பெண்ணின் பட்டத்தில் இல்லை. 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் செலவைத் தீர்த்தது. தூரத்தையும் கடைசி பஸ்ஸையும் தீர்க்கவில்லை. பேருந்து என்றதும் சென்னையில் எல்லாரும் ‘ரூட்டு தல’ என்பார்கள், வெட்டுக்குத்து என்பார்கள். மாநிலக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி மாணவர்களின் மோதல் உயிர்ப்பலி வரை போனது உண்மை. ஆனால் திருத்தணி, அரக்கோணம் பக்கத்திலிருந்து ரயிலிலும் பேருந்திலும் நாளுக்கு நான்கைந்து மணி நேரம் பயணிக்கிற பையன்களுக்குக் கல்லூரி வாழ்க்கையில் பாதி அந்தப் படிக்கட்டில்தான் நடக்கிறது என்பதைச் செய்தித்தாள்கள் எழுதுவதில்லை. விடுதி இடம் கொடுத்தால் குறைகிற பிரச்சினைக்குக் காவல்துறையை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

விடுதிகள் எப்படி? ஆதிதிராவிடர் நல, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகள் இல்லாமல் தமிழ்நாட்டின் இரண்டு தலைமுறைப் பட்டதாரிகள் இல்லை. 2025 ஜூலையில் எல்லாவற்றுக்கும் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றினார்கள். வரவேற்கலாம், விடுதிப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிகிற நிலை மாணவருக்கு அவமானமாக இருந்தது. ஆனால் 2023-இல் உயர்த்திய பிறகும் கல்லூரி மாணவருக்கு உணவுப்படி மாதம் 1,500 ரூபாய். ஒரு நாளைக்கு, மூன்று வேளைக்கு, 50 ரூபாய். இந்தத் தொகையில் சமைக்கும் காப்பாளரை ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் திட்டுவதில் நியாயமில்லை.

பணம் பற்றிச் சொல்லும்போது ஒரு திட்டத்தின் பயணத்தை விரிவாகவே பார்க்க வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தொடங்கியது ஒரு திருமண உதவித் திட்டம். ஏழைப்பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருந்தால் கல்யாணத்துக்கு உதவி. படிப்பைக் கல்யாணத்துக்கான நிபந்தனையாக வைத்த தந்திரம் அது. அந்தக் காலத்துக்கு அது சரியான தந்திரம். 2011-இல் தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் ஆயிற்று; 2016-இல் தங்கம் எட்டு கிராம். 2022-இல் இதே திட்டத்தை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப்பள்ளியில் படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் விழும். இதுவே ‘புதுமைப் பெண்’. பையன்களுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில் வந்தது.

தங்கத்தை நிறுத்திவிட்டார்கள் என்று அப்போது குறை சொன்னவர்கள் உண்டு. ஊரில் பல அம்மாக்களே சொன்னார்கள். அவர்கள் குறையிலும் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. எட்டு கிராம் மொத்தமாக வருவது, அடகு வைக்கலாம். ஆயிரம் ரூபாய் மாதாமாதம் கரைவது. ஆனால் பணம் பெண்ணின் பெயரில், அவள் கல்லூரியில் இருக்கும்வரை மட்டும் வருகிறது என்பதில்தான் திட்டத்தின் பலம். இரண்டாம் ஆண்டில் மாப்பிள்ளை வரும்போது, ‘முடிக்கட்டும், பணம் வருதில்ல’ என்று சொல்ல வீட்டில் ஒரு சாக்கு கிடைக்கிறது. ஒரு பெண் வரலாறோ வணிகவியலோ எதற்குப் படிக்கிறாள் என்று ஆய்வாளர்கள் கேள்வித்தாள் தயாரிக்கும்போது, ‘கல்யாணத்தை மூன்று வருடம் தள்ளிப்போட’ என்ற விடைக்கு ஒரு கட்டம் வைக்க மறந்துவிடுகிறார்கள். அதைத் தாழ்ந்த லட்சியம் என்று நான் கருதவில்லை. பத்தொன்பது வயதில் மூன்று வருடத்தைத் தன்வசமாக்கிக்கொள்வது பெரிய காரியம். எம்.எஸ்சி., பி.எட். என்று அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் போடுவதற்காகவே படிக்கவைக்கும் வீடுகளும் இருக்கின்றன. அந்த வீடுகளிலும் சில பெண்கள் போட்டித்தேர்வு எழுதி அழைப்பிதழைத் தாமே அச்சடிக்கக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

கல்விக்கடன் இதன் எதிர்முனை. 4 லட்சம் ரூபாய்வரை பிணை கேட்கக்கூடாது என்பது விதி. கடன் உத்தரவாதத் திட்டத்தின்படி 7.5 லட்சம் வரையும் அடமானம் இன்றித் தரலாம். வங்கி மேலாளரின் மேசையில் விதி வேறு முகம் காட்டும் என்பது அங்கே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். கிடைத்துவிட்டாலும், மூன்றாம்தரப் பொறியியல் கல்லூரியில் வாங்கிய பட்டத்துக்கு வரும் முதல் சம்பளத்தில் தவணை கட்டினால் வாடகைக்கு மிஞ்சாது. அப்பாவின் கடனைத் தீர்க்கப் படித்த பிள்ளை, தன் பெயரில் ஒரு கடனோடு வெளியே வருகிறது.

இவர்களுக்கு அப்பால் இன்னும் சிலர் உண்டு. பொதுவான ‘மாணவர்’ என்ற சொல்லுக்குள் அவர்கள் அடங்குவதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பார்வையற்ற மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் படிக்கிறார்கள். செவித்திறன் குறைந்தோருக்கென்றே அங்கே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு ஒதுக்கச் சொல்கிறது. இடம் கிடைக்கிறது. தேர்வன்று, சொல்வதை எழுதித் தரும் ஆள் கிடைப்பதுதான் பிரச்சினை. வந்தவருக்குப் பாடச்சொற்கள் தெரியாவிட்டால், விடை தெரிந்தவர் தோற்கிறார்.

முகாம்களில் பிறந்து வளர்ந்த இலங்கைத் தமிழர்களின் பிள்ளைகளும் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அரசின் உதவித்தொகையில் பி.இ.யும் எம்.எஸ்சி.யும் முடித்துவிட்டு, குடியுரிமை இல்லாததால் அரசுத் தேர்வுகள் கைக்கு எட்டாமல், பாஸ்போர்ட்டும் இல்லாமல் நிற்கிறார்கள். பட்டம் இருக்கிறது, அதைக் காட்ட நாடு இல்லை. இந்த ஒன்றில் மாநில அரசால் ஓரளவுக்கு மேல் செய்ய முடியாது. டெல்லிதான் முடிவெடுக்க வேண்டும்.

வேலையிலோ குடும்பத்திலோ இருந்துகொண்டு படிப்பவர்கள் தொலைநிலைக் கல்விக்குப் போகிறார்கள். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும் அண்ணாமலை 1979-இலும் தொடங்கிய அஞ்சல்வழிப் படிப்புகளால் காவலர்களும் நடத்துநர்களும் மூன்று பிள்ளை பெற்ற பெண்களும் பட்டதாரி ஆனார்கள். பிளஸ் டூ இல்லாமலேயே நேரடியாகப் பட்டம் என்று சிலர் விற்ற கடை, 2009-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் மூடியது; நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் ஜே.இ.இ. இல்லாமல் இணையவழியில் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு இந்த வரிசையில் புதியது. ஏழை மாணவருக்குக் கட்டணக் குறைப்பும் உண்டு. தேர்ச்சி கடினம், ஆனால் யாரையும் வாசலில் நிறுத்திச் சாதனை கேட்பதில்லை. இந்த அமைப்பை மாநிலப் பல்கலைக்கழகங்கள் பார்த்துக் கற்க வேண்டும்.

படித்து முடித்தபின் என்ன? பத்தாம் வகுப்பு போதும் என்கிற குரூப்-4 தேர்வுக்கு 2024-இல் 20 லட்சம் அளவில் விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றில் பட்டதாரிகளுக்குக் குறைவே இல்லை. கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு எம்.ஃபில். படித்தவர் போட்டியிடுவதைக் கேலி செய்யும் வாட்ஸ்அப் நகைச்சுவைகளை நாம் ரசிக்கிறோம். நிலம் இல்லாத, கடை இல்லாத, தெரிந்த மனிதர் இல்லாத ஒருவருக்கு, பரிந்துரை இல்லாமல் கிடைக்கக்கூடிய கௌரவமான வேலை அது ஒன்றுதான். முதல் பட்டதாரிச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் அந்த மேசைக்கு மறுபக்கம் போய் உட்கார ஆசைப்படுவதில் என்ன தவறு?

எல்லாவற்றுக்கும் நடுவில் ஆசிரியர் இருக்கிறார், அல்லது இல்லை. அரசுக் கல்லூரிகளில் பாடச்சுமையின் பெரும்பகுதியைக் கௌரவ விரிவுரையாளர்கள் தாங்குகிறார்கள். தொகுப்பூதியம், ஆண்டுக்குப் பதினொரு மாதம், அடுத்த ஆண்டு நிச்சயமில்லை. அவர்களில் கணிசமானோர் தாமே முதல் தலைமுறைப் பட்டதாரிகள். முனைவர் பட்டமும் நெட் தேர்ச்சியும் வைத்திருப்பவர்கள். மாணவரின் கூச்சத்தையும் பசியையும் நன்றாக அறிந்தவர்களை நிரந்தரமில்லாத நாற்காலியில் உட்காரவைத்து, அந்த மாணவரின் எதிர்காலத்துக்கு நம்பிக்கை ஊட்டச் சொல்கிறோம்.

செய்ய வேண்டியவற்றில் இரண்டுக்குப் பணம்கூட அதிகம் தேவையில்லை. வேலைக்குப் போகும் மாணவருக்கு வருகைப்பதிவில் தனி விதி, அதோடு பகுதிநேரப் பட்டப்படிப்பு. இதைப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்கள் மனம் வைத்தால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம். பணம் தேவைப்படுவது காலிப் பணியிடங்களை நிரப்பவும் விடுதி கட்டவும். அதற்கும் முன்னால் உயர்கல்வித் துறை ஒரு கணக்கைக் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் அரசு, உதவிபெறும், சுயநிதிக் கல்லூரியிலும் மூன்றாண்டுகளுக்கு முன் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் முதல் தலைமுறையினர் எத்தனை பேர், குறித்த காலத்தில் பட்டம் பெற்றவர் எத்தனை பேர், நடுவில் நின்றவர்கள் எந்தப் பருவத்தில் நின்றார்கள் என்று கல்லூரிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். விவரங்கள் எல்லாம் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. சட்டமன்றத்தின் அடுத்த உயர்கல்வி மானியக் கோரிக்கையின்போது, 47 என்ற எண்ணைச் சொல்லும் அமைச்சரிடம் இந்தக் கணக்கைக் கேட்கும்படி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள்.